பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி அரசு ஆன்லைன் பள்ளியில் சேர்க்கலாமா? விதிகள் என்ன, பெற்றோருக்கு என்ன பொறுப்பு?

கேள்வி கேட்டவருக்கு இரண்டு பிள்ளைகள். மகள் ஒன்பதாவது முடித்துவிட்டாள், மகன் ஏழாவது படிக்கிறான். இருவரும் தனியார் பள்ளி. இருவரையும் நிறுத்தி 'கவர்ன்மெண்ட் நடத்துற ஆன்லைன் ஸ்கூல்'ல போட்டுவிட்டால் ஃபீஸ், வேன், யூனிஃபார்ம் எல்லாம் மிச்சமாகுமே, அதற்கு என்ன ரூல்ஸ் என்று கேட்டிருக்கிறார்.

மகளுக்கு ஒரு பதில், மகனுக்கு வேறு பதில். இதைச் சேர்த்தே யோசிப்பதில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள்.

நான் சென்னை தண்டையார்பேட்டையில் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸை விட விண்ணப்பம் போடுகிற வேலைதான் அதிகம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், அப்புறம் என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளி சேர்க்கை. என் பெரிய மகளே அதில்தான் பத்தாவது முடித்தாள். அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன்.

முதலில் மகன். ஏழாவது என்றால் பன்னிரண்டு வயது இருக்கும். 2009-ல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அது நேராகச் சொல்கிறது. அந்தச் சட்டம் 'பள்ளி' என்று சொல்வது அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளி போன்றவற்றைத்தான். செயலியோ யூடியூப் சேனலோ அந்தக் கணக்கில் வராது. என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்பில் சேர 14 வயது ஆகியிருக்க வேண்டும். 2022 ஆகஸ்ட் 31-ல் டெல்லி அரசு தொடங்கிய மெய்நிகர் பள்ளி, அதாவது ஆன்லைன் பள்ளியும் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரைக்குத்தான் தொடங்கப்பட்டது. ஆக, ஏழாவது படிக்கிறவனுக்கு நீங்கள் நினைக்கிற கதவு திறக்காது.

ஃபீஸ்தான் பிரச்சினை என்றால் அதை ஃபீஸ் பிரச்சினையாகவே பாருங்கள். பக்கத்தில் இருக்கிற மாநகராட்சிப் பள்ளிக்குப் போய்ச் சேருங்கள். டி.சி. கையில் வரவில்லை என்பதற்காக எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று அதே சட்டத்தில் இருக்கிறது. நடுவில் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வயதுக்கேற்ற வகுப்பில் உட்காரவைத்து, விட்டுப்போனதற்குத் தனிப் பயிற்சி தருவது அவர்கள் பொறுப்பு. பள்ளி மறுத்தால் 14417-க்கு அடியுங்கள்; பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் அது.

இதில் ஒரு விலக்கு உண்டு. கடுமையான மாற்றுத்திறன் உள்ள குழந்தைக்கு வீட்டிலிருந்தே கல்வி கேட்கும் உரிமையை 2012-ல் செய்த திருத்தம் தந்தது. அதற்கும் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும்; சிறப்புப் பயிற்றுநர் வீட்டுக்கு வருவார். பள்ளியை விட்டு எடுப்பது என்பது வேறு.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. போன வருஷம் காசிமேட்டிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். பையனுக்குப் பன்னிரண்டு வயது. "விடியக்காலை மீன் ஏலத்துக்கு என்னோட வந்துருவான்கா, மத்தியானம் போன்ல படிச்சுக்குவான். அதுக்கு ஒரு ஆன்லைன் ஸ்கூல் போட்டுக் குடுங்க" என்றார். கெட்ட மனுஷன் இல்லை. கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. ஆனால் 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. சொந்தக் குடும்பத் தொழிலில் ஒத்தாசை செய்யலாம், அதுவும் ஆபத்தில்லாத வேலையாக, பள்ளி நேரம் முடிந்த பிறகோ விடுமுறையிலோதான். பள்ளி நேரமே இல்லாமல் செய்துவிட்டு 'பிறகு' என்று எப்படிச் சொல்வது? அவர் விண்ணப்பத்தை நான் போடவில்லை. அவர் கோபமாகத்தான் போனார்.

சரி, மகளுக்கு வருவோம். ஒன்பதாவது முடித்தவளுக்கு 14 ஆகியிருக்கும். அவளுக்கு என்.ஐ.ஓ.எஸ். சட்டப்படி திறந்த வழி. 1979-ல் சி.பி.எஸ்.இ.யின் ஒரு திட்டமாகத் தொடங்கி, 1989-ல் தனி நிறுவனமாகி, 2002-ல் இன்றைய பெயருக்கு மாறியது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. 2021-ல் இவர்களே மெய்நிகர் திறந்தநிலைப் பள்ளி என்று இணைய வகுப்புகளையும் தொடங்கினார்கள். குறைந்தது 5 பாடம், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். பாஸ் மார்க் 33 சதவீதம். ஒரு தடவை பதிவு செய்தால் 5 வருஷம் செல்லும், அதற்குள் 9 முறை தேர்வு எழுதிப் பார்க்கலாம். பொதுத் தேர்வு வருஷத்துக்கு இரண்டு, ஏப்ரல்-மே ஒன்று, அக்டோபர்-நவம்பர் ஒன்று. தமிழ் ஒரு பாடமாகவும் இருக்கிறது, பத்தாவதைத் தமிழ் வழியில் எழுதவும் முடியும்.

கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? என் மகள் ஒன்பதாவது படிக்கும்போது முதுகெலும்பில் பிரச்சினை வந்து, தொடர்ந்து ஆறு மணி நேரம் உட்காரக் கூடாது என்று ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு வேறு வழியில்லை. சேர்த்தோம். சேர்த்த பிறகுதான், அதுவரை பள்ளிக்கூடம் என்னவெல்லாம் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது என்று தெரிந்தது.

பள்ளியில் தேர்வுக்குப் பணம் கட்டச் சொல்லி ஆசிரியர் நாலு தடவை கேட்பார், கட்டாதவர்கள் பெயரைப் போர்டில் எழுதிப்போடுவார். இங்கே அந்த ஆசிரியர் இல்லை. சேர்க்கைக் கட்டணம் தனி, ஒவ்வொரு தேர்வுக்கும் பாடவாரியாகக் கட்டும் கட்டணம் தனி. சேர்க்கையோடு எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்துவிட்டேன். விண்ணப்பத்தில் கொடுத்திருந்தது என் வீட்டுக்காரரின் பழைய நம்பர். ரீசார்ஜ் போடாமல் அந்த சிம் ஃபிரிட்ஜ் மேல் ஒரு பழைய நோக்கியா போனுக்குள் கிடந்தது. கடைசித் தேதி போய்ப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு ஞாபகம் வந்தது. பக்கத்துத் தெரு பிள்ளைக்கு அதே தேர்வுக்கு என் கையாலேயே பணம் கட்டிக்கொண்டிருந்தபோது! ஊருக்கெல்லாம் விண்ணப்பம் போடுகிறவள் பெற்ற பெண்ணுக்குக் கோட்டை விட்டேன். ஆறு மாசம் போச்சு. அவள் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை.

அதற்கப்புறம் ராயபுரத்துக் கடை ஒன்றில் கொடுத்த மாதக் காலண்டரில், முருகன் படத்துக்குக் கீழே, சிவப்புப் பேனாவால் எல்லாத் தேதியையும் எழுதினாள். தேர்வுக் கட்டணம், ஹால் டிக்கெட், டி.எம்.ஏ. இந்த டி.எம்.ஏ. என்பது வீட்டில் கைப்பட எழுதி அனுப்ப வேண்டிய ஒப்படைப்பு. 20 சதவீத மதிப்பெண் அதில் இருக்கிறது. 'ஆன்லைன்தானே' என்று நிறைய பேர் இதைத் தொடுவதே இல்லை. தேர்வும் ஆன்லைன் இல்லை. ஹால் டிக்கெட் எடுத்துக்கொண்டு, போட்ட மையத்துக்குப் போய் பேனாவால்தான் எழுத வேண்டும். அவளுக்கு வந்த மையம் ஊரின் தெற்குக் கோடி. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் விஷயம் தெரிந்தவர்களுக்குப் புரியும், கூட்ஸ் வண்டி வந்தால் கேட்டை மூடிவிடுவார்கள், நம் நேரம் அவ்வளவுதான். பயந்து, இருட்டோடு ஆட்டோ வைத்துப் போனோம்.

ஆன்லைன் பள்ளியில் பாடத்தை மட்டும்தான் அவர்கள் தருகிறார்கள். வருகைப் பதிவு, தேதி, பணம், புத்தகத்தைத் திறந்து உட்காரவைப்பது, இன்றைக்குப் படிக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்பது, எல்லாம் வீட்டுக்கு வந்துவிடும். வீட்டில் யாராவது ஒருவரால் அதை எடுத்துச் செய்ய முடியுமா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில், ஒரே போன் இருக்கிற வீட்டில், நான் பார்த்தவரை இது பெரும்பாலும் ஓடவில்லை. கொரோனா சமயத்தில் எல்லார் வீட்டிலும் பார்த்ததுதானே. வியாசர்பாடியில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன், அதுவும் அப்பா ராத்திரி வேலை முடிந்து வந்த பிறகுதான். அப்போது 2020 ஜூலையில் மத்திய அரசு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிஷத்தில் இரண்டு நேரலை வகுப்புக்கு மேல் வேண்டாம், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நான்குக்கு மேல் வேண்டாம் என்று. அந்த அளவைத்தான் நான் இன்றும் வீட்டில் வைத்திருக்கிறேன். மீதி நேரம் புத்தகம்.

பாடம் தேர்ந்தெடுப்பதில் அவசரப்படாதீர்கள். சுலபம் என்று மனையியல், ஓவியம் என்று எடுத்துவிட்டு, பிறகு பதினொன்றாவதில் சயின்ஸ் குரூப் கேட்டால் கணிதமும் அறிவியலும் எங்கே என்பார்கள். என் மகள் கணிதம் எடுத்தாள், அறிவியல் எடுக்கவில்லை; காமர்ஸ் போவது என்று முன்பே முடிவு செய்திருந்தோம். பத்தாவதுக்குப் பிறகு ரெகுலர் பள்ளிக்குத் திரும்புகிற எண்ணம் இருந்தால், அந்தப் பள்ளியின் தலைமையாசிரியரை இப்போதே போய்ப் பார்த்துவிடுங்கள். 'சீக்கிரம் முடித்துவிடலாம்' என்ற கணக்கும் பலிக்காது. பத்தாவது தேறியதற்கும் என்.ஐ.ஓ.எஸ். பன்னிரண்டாவது சான்றிதழுக்கும் இடையே இரண்டு வருஷ இடைவெளி வேண்டும்.

'பாஸ் கியாரண்டி' என்று போர்டு வைத்திருப்பவர்கள் பக்கம் போகாதீர்கள். எங்கள் தெருவிலேயே ஒரு அக்கா அப்படி ஒரு இடத்தில் 22,000 ரூபாய் கட்டினார். மகன் பெயரில் பதிவே ஆகவில்லை, கொடுத்தது கையால் எழுதிய ரசீது. நேரடியாகச் சேர்ந்தால் ஆகும் தொகை அதில் ஒரு சின்னப் பங்குதான். பதிவெண் வந்ததும் அதிகாரபூர்வ தளத்தில் நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

அரசுப் பள்ளியில் பிள்ளை படிக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு நாமும் மாறலாமா என்று யோசித்தால், நில்லுங்கள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது, அடுத்த வருஷம் பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. அதற்கு ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாசம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன், இவற்றுக்கும் பள்ளிக் கணக்கு ஆறாவதிலிருந்து ஓடுகிறது. நடுவில் ஒரு வருஷம் வெளியே வந்தாலும் அந்தக் கணக்கு அறுந்துவிடும். கேள்வி கேட்டவரின் பிள்ளைகள் ஏற்கெனவே தனியார் பள்ளி என்பதால் அவருக்கு இந்த இழப்பு இல்லை.

அப்புறம் ஒரு குழப்பம். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, 2023-ல் வந்த மணற்கேணி செயலி எல்லாம் அரசு தருவதுதான், இலவசம்தான், நன்றாகவும் இருக்கிறது. மணற்கேணியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை பாட வீடியோ இருக்கிறது. ஆனால் அதில் 'சேர்வது' என்று ஒன்று கிடையாது. பார்த்துப் படிக்கலாம், டி.சி. தராது.

டி.சி. என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் மகளின் பள்ளி ஃபீஸ் பாக்கியைக் காட்டி டி.சி.யை நிறுத்திவைத்தால், 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை எடுத்துச் சொல்லுங்கள். பாக்கியைக் கட்டினால்தான் டி.சி. என்று வற்புறுத்தக் கூடாது, டி.சி.யில் பாக்கி என்று எழுதவும் கூடாது.

கடைசியாக இனிஷியல். இதை யாரும் சொல்ல மாட்டார்கள், என் கடையில் பாதி நாள் இதிலேயே போகிறது. என்.ஐ.ஓ.எஸ். தளத்தின் படிவம் வடக்கத்திப் பெயருக்காகச் செய்தது போலிருக்கும். நம் ஆட்களுக்கு ஆதாரில் இனிஷியல் முன்னால், டி.சி.யில் பின்னால், பிறப்புச் சான்றிதழில் இனிஷியலே இருக்காது. சேர்க்கும்போது எதைப் போடுகிறீர்களோ அதுதான் மதிப்பெண் பட்டியலில் வரும். முதலில் மூன்றையும் மேசைமேல் வைத்து ஒத்துப்பாருங்கள். ஆதாரைத் திருத்த வேண்டுமானால் அதை முடித்துவிட்டு விண்ணப்பம் போடுங்கள். என் மகளின் பட்டியலில் அப்பா பெயரில் ஒரு எழுத்து குறைகிறது. கல்லூரியில் சேர்ந்த அன்று ஒரு தடவை, பேங்க் கணக்கு தொடங்கும்போது ஒரு தடவை, 'இவரும் அவரும் ஒருவரே' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.