மனசு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

கேள்வி: டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் மறுபடியும் தேறவில்லை. புத்தகத்தைத் தொடவே மனசு வரவில்லை. இதுவரை எதையுமே சாதிக்கவில்லை என்று தோன்றுகிறது. என்ன செய்வது?

பதில்: தொடங்கினால்தான் மனசு வரும். 'நாளை நன்றாகப் படிப்பேன்' என்பது இலக்கே அல்ல. 'காலை 7 மணி, மொட்டைமாடி, பழைய வினாத்தாளில் 5 கணக்கு' என்பதுதான் இலக்கு. இரண்டு நாள் தவறினால் உங்களைத் திட்டிக்கொள்ளாமல் 5-ஐ 2 ஆக்குங்கள். பெரும்பாலும் அளவில்தான் தப்பு இருக்கும்.

சோர்ந்த மனசுக்குத் தோல்விகள்தான் சட்டென்று ஞாபகம் வரும். அதனால் சாதித்ததை மனசுக்குள் யோசிப்பதோடு விடாமல் ஒரு நோட்டில் எழுதுங்கள். டைப்ரைட்டிங் லோயர் பாஸானது போன்றவைகூடச் சேரும். பக்கத்திலேயே, அதற்காக என்ன செய்தீர்கள் என்றும் எழுதுங்கள். வெறும் பட்டியல் இரண்டாம் நாளே சப்பென்றாகிவிடும்.

தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரம் ஆகிறதென்றால் நோட்டு போதாது, டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம்.