திருகோணமலையிலிருந்து பிட்கொயின் வாங்கி எக்ஸ்சேஞ்சிலேயே (அதை வாங்கி விற்கும் இணையத்தளத்திலேயே) விட்டு வைத்தால் பாதுகாப்பா?

இல்லை, தம்பி. எக்ஸ்சேஞ்ச் கணக்கில் தெரியும் பிட்கொயினை அனுப்பத் தேவையான இரகசியச் சாவி, அதாவது நீண்ட இரகசிய எண், உங்களிடம் இல்லை, நிறுவனத்திடம்தான் இருக்கிறது. அது திருப்பித் தராவிட்டால் உங்கள் கையில் வெறும் எண் மட்டுமே மிஞ்சும்.

ஆரம்ப காலத்தில் உலகின் மிகப் பெரிய எக்ஸ்சேஞ்சாக இருந்தது டோக்கியோவின் மவுண்ட் கொக்ஸ். 2014 பெப்ரவரி தொடக்கத்தில் வாடிக்கையாளர்கள் பிட்கொயினை வெளியே எடுப்பதை நிறுத்தியது; மாத முடிவில் வங்குரோத்து. ஏறத்தாழ 8,50,000 பிட்கொயின் காணாமல் போனதாக அறிவித்தார்கள், பிறகு 2,00,000 அளவில் நிறுவனத்தின் ஒரு பழைய வொலட்டில் (பிட்கொயின் வைக்கும் டிஜிட்டல் பணப்பையில்) கிடைத்தது. காசு போட்டவர்களுக்கு பிட்கொயினாகத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியதே 2024இல்தான். பத்து வருடம்! மவுண்ட் கொக்ஸ் விழுந்த பிறகுதான் ஜப்பான் 2017இல் எக்ஸ்சேஞ்சுகளுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. ஆனாலும் உலகில் ஆபத்து தீரவில்லை; 2022இல் எஃப்டிஎக்ஸ் என்ற இன்னொரு பெரிய எக்ஸ்சேஞ்ச் விழுந்தது.

என்.சி. வீதியில் உரிமம் பெற்ற வங்கியொன்றில் போடும் வைப்புக்கு 11 இலட்சம் ரூபா வரை காப்புறுதி உண்டு. பிட்கொயின் போன்ற கிரிப்டோ நாணயங்களுக்கு அது கிடையாது. இலங்கை மத்திய வங்கியும் பலமுறை எச்சரித்திருக்கிறது. உள்ளூர் வங்கி அட்டையால் கிரிப்டோ வாங்க அனுமதியில்லை என்றும் சொல்லியிருக்கிறது. அதனால்தான் பலர் டெலிகிராமில் முகம் தெரியாதவருக்குக் காசு அனுப்புகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய பயம். தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள்.