பேஸ்புக், இன்ஸ்டாகிராம், லிங்க்ட்இன்: கைத்தறிச் சேலை விற்க எது சரி?

மருதமுனையில் இருந்து கேட்டிருக்கிறீர்கள், எல்லாம் ஒன்றுதானே என்று. இல்லை, சகோதரி. ஒவ்வொன்றும் வேறு தேவைக்காகப் பிறந்தது.

பேஸ்புக்கை மார்க் சக்கர்பேர்க் 2004இல் ஹாவர்ட் மாணவர்களுக்காகத் தொடங்கினார். தெரிந்தவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் அதன் உயிர். 2003இல் வந்த லிங்க்ட்இன் வேலை, தொழில் தொடர்புக்கானது. உங்களுக்கு இப்போதைக்குத் தேவையில்லை.

இன்ஸ்டாகிராமின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கெவின் சிஸ்ட்ரோம் முதலில் செய்தது பேர்பன் என்ற செயலி. இருக்கும் இடத்தைப் பதிவது, படம் போடுவது என்று அதில் பல வசதிகள். மைக் க்ரீகரும் சேர்ந்தபின், ஆட்கள் விரும்புவது படம் பகிர்வதையே என்று கண்டு மற்றதையெல்லாம் வெட்டிவிட்டார்கள். 2010இல் வெளியானது அப்படி மிஞ்சியதுதான்.

சேலைக்கு அதுவே பொருத்தம். முழுச் சேலையை மடித்து வைத்து எடுக்காதீர்கள். தறியில் ஓடும் கரையை, இழை தெரிகிற அளவு கிட்டத்தில், காலை வெயிலில் எடுங்கள். என் மாமி அப்படி ஒரு படம் போட்ட அன்றே கல்லடியில் இருந்து ஒருவர், “இந்தக் கரையை இரண்டு விரல் அகலமாக்கித் தருவீங்களா?” என்று கேட்டார். அப்புறம் விலை பேச வாட்ஸ்அப் போதும்.