5 நாள் கரண்ட் போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. இளவயதில் பாய்லர் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றும் வேலை பார்த்தவர். இப்போது நுரையீரல் உறையில் மீசோதெலியோமா என்ற புற்றுநோய் என்கிறார்கள். வலது விலாவில் வலி, ராத்திரி தூக்கமே இல்லை. ஜிப்மரில் 5 நாள் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்கலாம் என்றார்கள். எதிர்வீட்டு அம்மாவுக்கு மார்பகப் புற்றுக்கு வாரக்கணக்கில் வைத்தார்களே, அப்பாவைக் கைவிட்டுவிட்டார்களா? வீட்டில் கைக்குழந்தை வேறு இருக்கிறது.
– ஒரு மகள், கடலூர் முதுநகர்

பதில்: கைவிடவில்லை அம்மா, வலியைக் குறைக்கத்தான் கூப்பிடுகிறார்கள். எதிர்வீட்டில் கட்டியை எடுத்த இடத்தில் நோய் திரும்பாமலிருக்க வைத்திருப்பார்கள். இந்த நோய் ஒரே கட்டியாக உட்காராது, நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய உறை முழுக்கப் படரும். அத்தனை இடத்துக்கும் நோயை அழிக்கிற அளவு கதிர் கொடுத்தால் உள்ளேயிருக்கும் நுரையீரல், பக்கத்திலிருக்கும் இதயம், கல்லீரல் எல்லாம் தாங்காது. அதனால்தான் வலிக்கிற இடத்தை மட்டும் குறிவைக்கிறார்கள். 5 தவணையில் 20 கிரே (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு) என்பது இதற்கு வழக்கமான அளவுதான். நோய் இதில் குணமாகாது. சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் தெரிந்துகொண்டு போவதுதான் நல்லது. நோயைக் கட்டுப்படுத்த கீமோவோ, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபியோ அப்பாவின் உடம்புக்கு ஒத்துவருமா என்று தனியாகக் கேளுங்கள்.

வலி அன்றைக்கே போய்விடாது. முதல் ஓரிரு நாள் கொஞ்சம் கூடவும் செய்யலாம், குறைய சில வாரம் ஆகும், எல்லோருக்கும் குறையும் என்றும் சொல்ல முடியாது. அதுவரை மார்ஃபின் என்ற வலி மாத்திரை எழுதிக்கொடுத்தால் பழக்கமாகிவிடும் என்று பயந்து பாதி மாத்திரையை ஒளித்துவைக்காதீர்கள். பல வீடுகளில் இதைத்தான் செய்கிறோம், ராத்திரியெல்லாம் துடிப்பவர் அவர். அசதி வரும், தோல் சிவக்கலாம், உணவுக்குழாய் பக்கம் பட்டால் விழுங்க வலிக்கும், அப்போது கஞ்சி, மோர் சாதம் கொடுங்கள்.

இந்த நோயில் நுரையீரலைச் சுற்றித் தேங்கும் நீரை எடுக்கக் குழாய் விட்ட தழும்பில் கட்டி வராமலிருக்க முன்கூட்டியே கரண்ட் வைப்பது முன்பு வழக்கம். எல்லோருக்கும் அப்படி வைப்பதால் பயனில்லை என்று 2016-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. அங்கே வைக்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள்.

அப்புறம், அந்த ஆஸ்பெஸ்டாஸ் வேலையை எந்த வருடத்திலிருந்து எதுவரை பார்த்தார் என்பதை டாக்டரிடம் சொல்லி கேஸ் ஷீட்டில் எழுதவையுங்கள். தூசு உள்ளே போய் 20, 40 வருடம் கழித்துத்தான் இது தலைகாட்டும், அதற்குள் அந்த வேலையே எல்லோருக்கும் மறந்துபோயிருக்கும்.

குழந்தையைப் பற்றிக் கேட்டீர்கள். மெஷின் நின்றதும் கதிரும் நின்றுவிடும், அப்பா உடம்பில் எதுவும் தங்காது. வீட்டுக்கு வந்ததும் பேரப்பிள்ளையை மடியில் கொடுங்கள், இடது பக்கமாக.