கொத்திய குஞ்சு வெளியே வராமல் இறந்தால்
கோழி முட்டைகளை வைத்த இன்குபேட்டரில் (முட்டை பொரிக்கும் கருவி) வெப்பம் 37.5 டிகிரி சரியாக இருந்தும், 21ஆம் நாள் முட்டை ஓட்டைக் கொத்திய குஞ்சுகள் வெளியே வராமலே செத்துவிட்டன என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே கஷ்டமாக இருந்தது. கொத்திய இடத்தில் ஓட்டின் உட்புறச் சவ்வு தாள் மாதிரி காய்ந்து இறகோடு ஒட்டியிருந்ததா? அப்படியென்றால் ஈரப்பதம் குறைந்ததுதான் காரணமாக இருக்கும்.

18ஆம் நாள் முட்டைகளைத் திருப்புவதை நிறுத்தியதும் ஈரப்பதத்தை 65–70 சதவீதத்துக்கு ஏற்றுங்கள். அதுவரை 45–50 போதும். 18ஆம் நாளுக்குப் பிறகு இன்குபேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். ஒருமுறை திறந்தாலே ஈரம் போய்விடும். கொத்தியபின் குஞ்சு 24 மணி நேரம்கூட அப்படியே கிடக்கும். அந்த நேரத்தில்தான் மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது, சவ்வின் ரத்தக் குழாய்களும் வற்றுகின்றன. பாவம் என்று அவசரப்பட்டு ஓட்டை உரித்தால் ரத்தம் கசியும். 37.5 என்று காட்டிய தெர்மாமீட்டர் முட்டையின் உயரத்தில்தான் இருந்ததா என்பதையும் பாருங்கள்.