தவக்காலத் தீர்மானம் ஏன் பாதியிலேயே நின்றுவிடுகிறது?

ஈஸ்டருக்கு முன் வரும் தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதனன்று எடுத்த தீர்மானம் இரண்டாம் வாரமே காணாமல் போகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் தீர்மானம் மங்கலாக இருப்பதுதான் காரணம். ‘இன்னும் நல்லவனாக இருப்பேன்’ என்பதை எந்தக் கிழமை, எத்தனை மணிக்குச் செய்வீர்கள்?

கத்தோலிக்கத் திருச்சபை கட்டாயமாக்கும் ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழு உணவு உண்ணும் நோன்பு) இரண்டே நாள்: சாம்பல் புதன், பெரிய வெள்ளி. மற்ற நாள்கள் பெரும்பாலும் நம் கையில்.

நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வேலைக்குப் போகும் வழியில் குடிக்கும் தே தாரேக்கை (நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்) நிறுத்தினேன். அந்த இரண்டரை வெள்ளி (மலேசிய ரிங்கிட்) அன்றன்றே பழைய மைலோ டப்பாவுக்குள் போகும். ஞாயிறு நீங்கலாக 40 நாள், 100 வெள்ளி. (முதல் வாரம் தலைவலிதான், மறைக்கவில்லை.) எங்கள் ஃப்ளாட்டில் தனியாக இருக்கும் பாட்டிக்கு அதில் அரிசி, பருப்பு வாங்கினேன். மூட்டையைக் கொடுத்துவிட்டு ஓடாமல் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். அரிசியைவிட அதுதான் அவருக்குப் பிடித்தது. விவிலியத்தில் எசாயா நூலின் 58ஆம் அதிகாரம் கேட்கும் நோன்பும் பசித்தவரோடு உணவைப் பகிர்வதுதானே.

நடுவில் ஒரு நாள் தவறி குடித்துவிட்டீர்களா? சரி, விடுங்கள். மறுநாள் டப்பாவில் 5 வெள்ளியாகப் போடுங்கள்.