பேனலுக்குள் 4ஜி ரவுட்டர்: சிம் யார் பெயரில், கதவு யாருக்குத் திறந்திருக்கிறது?

திருப்பூருக்கு அருகே சாயப்பட்டறை நடத்தும் வாசகர் ஒருவரின் கேள்வி, சுருக்கமாக: “கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பிரிவின் பிஎல்சியை (பம்பு, மோட்டார்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) வீட்டிலிருந்தே பார்ப்பதற்காக, இணையத்தில் வாங்கிய வெளிநாட்டு 4ஜி ரவுட்டரைப் பேனலுக்குள் பொருத்தியிருக்கிறோம். சிம் எங்கள் எலக்ட்ரீஷியன் பெயரில் இருக்கிறது. முதலில் வெளியிலிருந்து இணைக்க முடியவில்லை. மாதக் கட்டணம் கட்டி நிலையான பொது ஐபி முகவரி வாங்கியதும் சரியாகிவிட்டது. ஆனால் சிக்னல் அடிக்கடி விழுகிறது. பூஸ்டர் வைக்கச் சொல்கிறார்கள். ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் போர்வெல் மோட்டாரை 915 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ மோடம் மூலம் இணைக்கலாம் என்று ஒருவர் விலை சொல்லியிருக்கிறார். இவற்றில் எது சட்டப்படி தவறு, எது ஆபத்து?”

‘சரியாகிவிட்டது’ என்று நீங்கள் எழுதியிருக்கும் இடத்திலிருந்தே தொடங்குகிறேன். இன்றைக்கே மாற்ற வேண்டியது அதுதான். சாதாரண சிம்முக்குச் சேவை நிறுவனம் தருவது பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்ளும் உள்முகவரி என்பதால், வெளியிலிருந்து யாரும் நேரடியாக உங்கள் ரவுட்டரைத் தொட முடியாது. நீங்கள் அதைத் தடை என்று நினைத்தீர்கள். உண்மையில் அது உங்களுக்கு இலவசமாகக் கிடைத்திருந்த சுற்றுச்சுவர். பொது ஐபி வாங்கி, ரவுட்டரில் 502ஆம் போர்ட் என்ற வாசலைப் பிஎல்சிக்குத் திருப்பிவிட்டிருந்தால், அந்தச் சுவரைக் காசு கொடுத்து இடித்திருக்கிறீர்கள். அந்தப் போர்ட்டில் பேசும் மோட்பஸ் டிசிபி என்ற நெறிமுறையில் கடவுச்சொல் என்ற ஏற்பாடே கிடையாது. ‘இந்த ரெஜிஸ்டரில் (நினைவகக் கட்டத்தில்) இந்த எண்ணை எழுது’ என்று யார் சொன்னாலும் பிஎல்சி எழுதும். இணையத்தின் முகவரிகளை இரவு பகலாகத் துழாவி, திறந்திருக்கும் கருவிகளைப் பட்டியலிடும் தேடுபொறிகள் இருக்கின்றன என்பதால், ‘நம் சின்னப் பட்டறையை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்’ என்ற ஆறுதலுக்கு இடமில்லை. 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அலிக்விப்பா என்ற சிறிய ஊரின் குடிநீர் வாரியத்தில் நடந்தது இதுவே. இணையத்திலிருந்து எட்டும்படி இருந்த யூனிட்ரானிக்ஸ் பிஎல்சி ஒன்று தாக்குதல்காரர்கள் கைக்குப் போனது. ஊழியர்கள் அந்த பம்பு நிலையத்தைக் கையால் இயக்க வேண்டியதாயிற்று. அந்த வகைப் பிஎல்சிகள் ‘1111’ என்ற கடவுச்சொல்லோடு தொழிற்சாலையிலிருந்து வருபவை. பல இடங்களில் அதை யாரும் மாற்றியிருக்கவில்லை.

ஆகவே பொது ஐபியை விட்டுவிடுங்கள். ரவுட்டரே உள்ளிருந்து வெளியே ஒரு விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனிப்பாதை) சர்வருக்குத் தொடர்பு எடுக்கட்டும். உங்கள் கைபேசியும் அதே சர்வருக்கு வரட்டும். இரண்டும் அங்கே சந்திக்கும். ஐபிசெக், ஓப்பன்விபிஎன், வயர்கார்டு ஆகிய விபிஎன் முறைகளில் ஒன்றாவது பெரும்பாலான தொழில்துறை ரவுட்டர்களில் உண்டு. போர்ட் திருப்பல் அனைத்தையும் நீக்கி, ரவுட்டரின் அமைப்புப் பக்கம் சிம் இணைப்பின் வழியாகத் திறக்காதபடி மூடி, உடன் வந்த கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். தொலைவிலிருந்து பார்க்க மட்டும் முடிந்தால் போதும் என்பது என் கருத்து. மதிப்புகளை மாற்றுவது, பேனல் முகப்பில் ஒரு சாவி ஸ்விட்சைத் திருப்பினால் மட்டுமே நடக்க வேண்டும். தொட்டி நிரம்பினால் பம்பை நிறுத்தும் ஃப்ளோட் ஸ்விட்ச், ரவுட்டர் வழியாக அல்லாமல், கம்பி வழியாக ஸ்டார்ட்டருக்கே நேராகப் போக வேண்டும், ஏனெனில் டவர் போன நேரத்திலும் தொட்டி நிரம்பும்.

அத்துமீறல் நடந்தால், அறிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை (கருவி தானாகக் குறித்துவைக்கும் நிகழ்வுக் குறிப்புகளை) 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 அன்று அது பிறப்பித்த உத்தரவு. பல ரவுட்டர்களில் மின்சாரம் போனால் பதிவேடும் போய்விடும். எனவே அது அலுவலகக் கணினி ஒன்றில் போய்ச் சேரும்படியும், கடிகாரம் இணைய நேரத்தோடு ஒத்துப்போகும்படியும் அமைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சிம். இன்றைய நிலையில் அந்த இணைப்பின் வழியாக என்ன நடந்தாலும் முதலில் விசாரிக்கப்படுபவர் உங்கள் எலக்ட்ரீஷியன். அவர் வேலையை விட்டுப் போய் எண்ணை நிறுத்தினால் இருட்டில் நிற்பது நீங்கள். நிறுவனத்தின் பெயரில் எம்டூஎம் சிம் (கருவிகள் தமக்குள் பேசுவதற்கான சிம்) கேளுங்கள். 13 இலக்க எண்ணோடு வரும் இவ்வகைச் சிம்களுக்குத் தொலைத்தொடர்புத் துறை 2018இல் வகுத்த விதிகளின்படி, முன்கூட்டியே குறித்துக் கொடுத்த எண்களோடும் முகவரிகளோடும் மட்டுமே பேச முடியும். விபிஎன் சர்வரின் முகவரியை அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டால், ரவுட்டரைக் கழற்றிக்கொண்டு போகிறவனுக்கும் சிம்மால் பயன் இருக்காது. எம்டூஎம் சேவைக்கான பதிவு முறை 2022இல் வந்தது; உங்கள் பயன்பாடு அதில் எப்படி அடங்கும் என்பதை விண்ணப்பிக்கும்போதே சேவை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ரவுட்டரைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். அதிலுள்ள மாடல் எண்ணுக்குத் தொலைத்தொடர்புப் பொறியியல் மையத்தின் சான்றிதழும், வைஃபை முதலியவற்றுக்காகத் தொலைத்தொடர்புத் துறையின் அலைவரிசைப் பிரிவான டபிள்யூபிசி தரும் கருவி வகை ஒப்புதலும் இருக்கின்றனவா என்று விற்றவரிடம் கேளுங்கள். ஐரோப்பிய சிஇ முத்திரையும் அமெரிக்க எஃப்சிசி முத்திரையும் இங்கே அவற்றுக்கு ஈடாகா. ‘கேஒய்எம்’ என்று ஆங்கில எழுத்துகளில் அடித்து, இடைவெளி விட்டு, லேபிளில் உள்ள ஐஎம்இஐ எண்ணை (கருவியின் அடையாள எண்) 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த எண்ணின் விவரம் வரும். ஐஎம்இஐ எண்ணை மாற்றி எழுதித் தருவதாகச் சொல்லும் கடைகளின் பக்கம் போகவே வேண்டாம்: 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், 42ஆம் பிரிவின்படி, இதற்கு 3 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

பூஸ்டர் வேண்டவே வேண்டாம். சேவை நிறுவனம் அல்லாதவர் தாமாகப் பூஸ்டர் வைப்பது இந்தியாவில் சட்டவிரோதம். அது கக்கும் இரைச்சலால் சுற்றுவட்டாரத்தில் உள்ளவர்களின் அழைப்புகள் அறுபடும். உங்கள் நோய்க்கு அது மருந்தும் இல்லை. இரும்புப் பேனலுக்குள் ரவுட்டரோடு வந்த குட்டை ஆன்டெனாவை வைத்துக் கதவைச் சாத்தினால், அலைகளைத் தகரப் பெட்டியில் பூட்டியதாகத்தான் அர்த்தம். கதவைத் திறந்து வைத்து, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி என்ற சிக்னல் வலிமை அளவைப் பாருங்கள். மைனஸ் 80க்கு அருகே இருந்தால் நல்லது, மைனஸ் 110ஐத் தாண்டி இறங்கினால் தொடர்பு தள்ளாடும். கதவைச் சாத்தியதும் அளவு சரிந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. ஆன்டெனாவை வெளியே கொண்டுவரும்போது இரண்டு இடங்களில் பலர் ஏமாறுகிறார்கள். 4ஜி ஆன்டெனாவுக்குரிய எஸ்எம்ஏ இணைப்பானும் வைஃபைக்குரிய தலைகீழ் எஸ்எம்ஏவும் மரை ஒன்றாக இருப்பதால் ஒன்றில் மற்றொன்று ஏறிவிடும். ஆனால் நடுவில் ஊசியோடு ஊசி முட்டும், அல்லது இரண்டு பக்கமும் ஓட்டையாக இருந்து தொடர்பே கிடைக்காது. கேபிள் மற்றொன்று: மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 10 மீட்டர் ஓடினால் சிக்னலில் பாதிக்கும் மேல் வழியிலேயே கரைந்துபோகும். கேபிளை நீட்டுவதை விட ரவுட்டரை ஆன்டெனாவுக்கு அருகே கொண்டுபோய், பிஎல்சி வரை ஈதர்நெட் இழுப்பதே மேல். கூரைமேல் ஏற்றினால் இடிதாங்கும் சர்ஜ் அரெஸ்டரும், பேனலின் எர்த்தோடு சேர்ந்த எர்த்தும் கட்டாயம். ஆன்டெனா இல்லாமல் ரவுட்டரை ஆன் செய்யக் கூடாது. மோட்டாரின் வேகத்தை மாற்றும் வேரியபிள் ஸ்பீடு டிரைவின் மோட்டார் கேபிளோடு, கருவிகளுக்கிடையே தகவல் போகும் ஆர்எஸ்-485 கம்பியைச் சேர்த்துக் கட்டவும் கூடாது.

போர்வெல்லுக்கு வருவோம். 915 மெகாஹெர்ட்ஸ் அமெரிக்காவில் உரிமமின்றிப் பயன்படுத்தும் அலைவரிசை. இந்தியாவிலோ 890 முதல் 915 வரை, கைபேசிகள் டவருக்குப் பேசும் பாதை. அங்கே உங்கள் மோடம் அலறினால் சேவை நிறுவனத்தின் கண்காணிப்பில் சிக்குவது நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு உரிமம் தேவைப்படாத இடம் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். அனுப்பும் சக்தி 1 வாட்டுக்குள், கேரியர் அகலம் 200 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். ஐரோப்பாவுக்கான 868 மெகாஹெர்ட்ஸ் மோடம்களும் பொருந்தா, ஏனெனில் அவற்றின் வழக்கமான சேனல்கள் 868.1, 868.3, 868.5 என நம் எல்லையைச் சற்றே தாண்டி நிற்கின்றன. மோட்டார் ஓடுகிறதா, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்ற சில எண்களை ஒன்றரை கிலோமீட்டருக்கு அனுப்ப, இடையில் மரமும் கட்டடமும் மறைக்காத உயரத்தில் ஆன்டெனாக்கள் நின்றால், 865இல் இயங்கும் ஒப்புதல் பெற்ற மோடம் தாராளமாகப் போதும். விலைப்பட்டியல் தந்தவரிடம் அந்த அலைவரிசைக்கான மாடலையும், அதன் ஒப்புதல் சான்றின் நகலையும் சேர்த்தே கேளுங்கள்.